வாவியிடைத் தீவுக்குச் செல்வார் பெறும் பயன்

தீவு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே உலகிற் பலருடைய உள்ளத்தில் ஒரு படம் எழுகின்றது. நீலக்கடல், வெண்மணற் கரை, நீர்மேற் சாய்ந்து நிற்குந் தென்னை, ஆளரவமற்ற தனிமை என்பனவே அப்படத்தின் உறுப்புக்கள். அதிலே மனிதர் இரார். இருப்பின் இளநீர் வெட்டிக் கொடுப்பவராக ஒருவர் இருப்பர். பனிசூழ் நாட்டிலே பிறந்தோர் வெப்பமண்டலத் தீவுகளை நாடிப் பல்லாயிரங் காதம் வருவது பெரும்பாலும் இப்படத்தை நேரிற் காண்டற்கே. கண்டு மகிழ்கின்றனர், கொண்டுவந்த படத்தையே திரும்பக் கொண்டு செல்கின்றனர். வருமுன் அறிந்திராத ஒன்றைப் பெற்றுச் செல்வோர் அவருள்ளே மிகச் சிலர். ஒரே தீவுக்குச் சென்ற இருவர் இங்ஙனம் வேறுவேறு பயன் பெறுவது எதனால் என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு ஈழத்தின் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்பு வாவியினும் ஏற்ற களம் கிடைத்தல் அரிது. நானூறு ஆண்டுகளாக அங்கே வந்து சென்றோர் பலர். அவர்கள் எதைப் பெற்றனர், எதை இழந்தனர் என்பதற்கு வரலாறு சான்று வைத்திருக்கின்றது.

இவ்வாவி கரையோரமாக வடக்குத் தெற்காய் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் இதற்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலம் ஒன்றுண்டு. ஞாயிறு எழுந் திசையிலுள்ள அந்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, ஞாயிறு படுந் திசையிலுள்ளது படுவான்கரை. இடத்துக்குப் பெயரிட்ட மக்கள் திசைகாட்டியையோ நிலப்படத்தையோ நோக்கவில்லை. நீரின் நடுவே தோணியில் இருந்தபடி காலையும் மாலையும் வானத்தை நோக்கினர் என்பது இப்பெயர்களாலேயே புலனாகும். எழுவான்கரையில் ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. படுவான்கரையிலே வயல்கள், குளங்கள், மேய்ச்சல் நிலங்கள், அவற்றின் அப்பாற் காடு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படுமுன் மட்டக்களப்பு என்ற பெயர் தெற்கே வெகுதூரம் பரந்த நிலப்பகுதி முழுவதையுங் குறித்தது. மக்கள் வழக்கிலும் பண்பாட்டிலும் இன்றும் அவ்வாறே குறிக்கின்றது.

வாவியின் வடபாகத்தில் உள்ளது புளியந்தீவு. நகரத்தின் பழைய நெஞ்சம் அதுவே. பாலங்கள் பல இன்று அதனைச் சூழ்நிலத்தோடு பிணைத்துள்ளமையால், பேருந்தில் வருவோன் தான் ஒரு தீவுக்குள் நுழைந்ததனை உணராமலே கடைத்தெருவில் இறங்கிவிடுகின்றான். களப்பு என்னுஞ் சொல் கடலோடு தொடர்புடைய ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பைக் குறிக்கும். இந்நீர் ஆண்டு முழுவதும் ஒரு தன்மைத்தன்று. கோடைக்காலத்தில் மணல் திரண்டு முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரியில் மேற்கேயிருந்து வெள்ளம் புகுந்து நீர்மட்டம் உயரும்போது, படுவான்கரை வயல்கள் மூழ்காதிருக்க முகத்துவாரத்தை வெட்டிவிடுதல் வழக்கம். எப்பொழுது வெட்டுவது என்பதில் உழவருக்கும் மீனவருக்கும் கருத்து ஒன்றாயிருப்பதில்லை. வயலைக் காக்க விரைவில் வெட்டவேண்டும் என்பார் ஒருவர். வாவியில் வளரும் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்பார் மற்றவர். அழகிய நீர்ப்பரப்பு என்று கரையில் நின்று கண்டு வியப்போன் கண்ணுக்கு இவ்வழக்குத் தெரிவதில்லை.

இவ்விடம் நெடுங்காலம் எட்டாத் தொலைவாகக் கருதப்பட்டது. கொழும்பிலிருந்து வருவோர் தீவைச் சுற்றிக் கடல்வழி வரவேண்டும். அன்றேல் மலையும் காடும் கடந்து நாட்கணக்காக நடக்கவேண்டும். புகைவண்டிப் பாதை வந்தது 1920களின் இறுதியிலேயே. யாழ்ப்பாணத்தாருக்கும் மட்டக்களப்பு அயல்நாடு போன்றே இருந்தது. அங்கே போனவர்களைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்றொரு பேச்சு வடக்கிலே வழங்கி வந்ததனைப் பலரும் அறிவர். வாணிகத்துக்கோ உத்தியோகத்துக்கோ சென்ற இளைஞன் திரும்பவில்லையாயின், மருந்து கொடுத்து மயக்கிவிட்டனர் என்று தாய்மார் நொந்துகொள்வர். மருந்து எதுவும் வேண்டியதில்லை என்பதை அவ்வூர்களின் வாழ்க்கைமுறையை நோக்கினால் அறியலாம். மட்டக்களப்பிலே குடி தாய்வழியே தொடர்வது. தாயின் குடியே பிள்ளைகளின் குடி. வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்கே செல்லும். மணம் முடித்த ஆண்மகன் மனைவியின் வீட்டிலே போய் வாழ்வான். ஆகவே வெளியூரான் ஒருவன் அங்கே பெண்ணெடுத்தால் அவனுக்கு வீடு உண்டு, உறவு உண்டு, வயல் உண்டு, எருமைத் தயிரும் உண்டு. அவன் ஏன் திரும்பவேண்டும்? தந்தையின் வழியையே பெரிதெனக் கொண்டவர்கட்குத் தாயின் வழி வந்த ஒழுங்கு விளங்கவில்லை. விளங்காததனை மாந்திரிகம் என்றனர். தொலைவிடத்தைப் பற்றி எழும் கதைகளிற் பல இத்தகையனவே. மட்டக்களப்பாரைப் பற்றி அறிவதற்குமுன் கதை சொன்னோரைப் பற்றி அவை அறிவிக்கின்றன.

இக்குடிமுறை தமிழருக்கு மட்டும் உரியதன்று. அயலிலே வாழும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிகள் உள. வீடு மகளுக்கே கொடுக்கப்படுதலும் உண்டு. சமயம் வேறாயினும் வாழ்வின் அமைப்பு ஒன்றாயிருப்பது கண்டு மானிடவியலார் பலர் இங்கே வந்து தங்கி ஆராய்ந்துள்ளனர். 1950களில் நூர் யல்மன் கிழக்கிலங்கை ஊர்களையும் தம் ஆராய்ச்சியுள் அடக்கினார். 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்த டெனிஸ் மக்கில்வ்ரே பின்னர் பல பத்தாண்டுகள் அதே மக்களிடம் திரும்பத் திரும்பச் சென்று, 2008இலே தம் பெருநூலை வெளியிட்டார். ஒரு முறை வந்து ஒரு கட்டுரை எழுதிப் போனவர்களுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இனி, முன்னாளில் வந்தோரை நோக்குவோம். 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் மட்டக்களப்புக் கரையில் நங்கூரமிட்டான். அவன் வேண்டியது மிளகும் கறுவாவும். கண்டியரசனே போர்த்துக்கேயருக்குப் பகைவன் என அறிந்து, இங்கிருந்து மலைநாடு சென்று முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டான். நன்மதிப்போடு வரவேற்கப்பட்டான், நட்பும் உறுதியாயிற்று. அவனைத் தொடர்ந்து வந்த சேபால்ட் டி வேர்ட் என்பான் அம்மதிப்பைக் காக்கத் தெரியாதவனாயினான். கைப்பற்றிய கப்பல்களிலிருந்த போர்த்துக்கேயரை அரசன் விருப்பத்துக்கு மாறாக விடுவித்தான். அரசன் முன்னிலையிலே தகாத சொல்லும் சொன்னான் என்பர். 1603இல் அவனும் அவனுடன் இருந்தோரும் மட்டக்களப்பிலே கொல்லப்பட்டனர். ஓராண்டு இடைவெளியில் ஒரே கரைக்கு, ஒரே நாட்டிலிருந்து, ஒரே நோக்கத்தோடு வந்த இருவர் பெற்ற பயன் இவ்வளவு வேறுபட்டது. விருந்தினனுக்கு விருந்தோம்புவானின் உள்ளமறியும் கடமை உண்டென்பதனை டி வேர்ட் உயிர் கொடுத்துக் கற்றான்.

பின்னர் வந்தோர் கேட்டுப் பெறுதலை விடுத்துக் கட்டிப் பிடித்தனர். 1628இலே போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை எழுப்பினர். பத்தாண்டு கழித்து, 1638 மே மாதத்தில், வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அதைக் கைப்பற்றினர். இருபுறம் வாவியும் இருபுறம் அகழியும் சூழ நிற்கும் அக்கோட்டை பிற்காலத்தில் அரசாங்க அலுவலகங்களுக்கு இருப்பிடமாயிற்று. 1814இலே வில்லியம் ஓல்ட் என்னும் வெஸ்லியன் பாதிரியார் காலியிலிருந்து கடல்வழியாக இங்கே வந்து சேர்ந்தார். பள்ளிகளைத் தொடங்கி, ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரலிலே நோயுற்று இறந்தார். அவர் தொண்டின் சமய நோக்கத்தை உடன்படாதோரும், தொலைவிடம் ஒன்றிற்கு வந்து தமக்கென எதுவும் கொண்டு செல்லாது அங்கேயே மண்ணாகிய அவ்விளைஞரின் துணிவை மறுக்கார்.

மட்டக்களப்பை உலகம் அறிந்தது கோட்டையினால் அன்று; மீன் பாடுகின்றது என்னும் செய்தியினால். இச்செய்தியை மேனாட்டாருக்கு விரிவாக அறிவித்தவர் சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனன்ற். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த அவர் 1848 செப்தெம்பரில் இங்கே வந்தபொழுது, நிலவெழுந்த பின் தோணியிலேறி வாவியின் அமைதியான இடத்துக்குச் சென்றார். ஒன்றோடொன்று கலவாத பல மெல்லொலிகள் நீரின் அடியிலிருந்து எழுந்தன என்றும், நனைத்த விரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஓசையை அவை நினைவூட்டின என்றும் 1859இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். காதைத் தோணியின் மரத்தோடு பொருத்தியபோது ஒலி பெரிதும் மிக்குக் கேட்டதென்றும் அவர் குறித்துள்ளார். இக்குறிப்பு மிக இன்றியமையாதது.

வாவியின் மீனவர் தெனன்றிடம் கற்கவேண்டிய நிலையில் இருக்கவில்லை. துடுப்பை அல்லது மரக்கோலை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைச் செவியில் வைத்துக் கேட்கும் முறை அவர்களிடம் இருந்தது. அதன் காரணத்தை இயற்பியல் எளிதில் விளக்கும். நீரிலே ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். காற்றிலே ஏறத்தாழ 340 மீற்றரே செல்லும். வேகத்தினும் பெரிய வேறுபாடு இவ்விரு பொருள்களின் அடர்த்தியில் உள்ளது. ஆதலால் நீருள் எழும் ஒலி மேற்பரப்பை அடைந்ததும் அதன் பெரும்பகுதி மீண்டும் நீருள்ளேயே திருப்பப்படுகின்றது. ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு கூறளவே காற்றுக்குள் புகும். கரையிலே நின்று காது கொடுப்போனுக்கு அவ்வொரு கூறு மட்டுமே உரியது. காற்றும் வண்டிகளும் பேச்சும் அதையும் மூடிவிடும். நீரைத் தொட்டு நிற்கும் மரமோ அவ்வொலியைத் தானே ஏற்றுச் செவியெலும்பு வரை கடத்திவிடுகின்றது. ஆகவே பாலத்தில் நின்று ஒன்றும் கேட்கவில்லை என்று கைவிரித்துப் போவோனும், துடுப்பைச் செவியில் வைத்துக் கேட்டு வியப்போனும் ஒரே இரவிலே, ஒரே இடத்திலே இருந்திருத்தல் கூடும்.

பாடுவது யாது என்பது வேறு வினா. தெனன்றிடம் மீனவர் காட்டியது மீன் அன்று. ஊரி என்று அவர்கள் வழங்கும் சிப்பியுயிர். அவரும் ஓட்டுயிர்களே காரணம் எனக் கருதினார். மீன்களிற் பல ஒலியெழுப்புவன என்பது இன்று ஐயமற அறியப்பட்டுள்ளது. சில, காற்றுப்பையைச் சூழ்ந்த தசைகளை விரைவாகச் சுருக்கி அதனை முழவுபோல அதிர்விக்கும்; கெளிற்றினத்துச் சில, செட்டைமுள்ளை அதன் பொருத்திலே தேய்த்து ஒலிக்கும். கலிபோர்னியாவில் சோசலிற்றோ என்னும் ஊரிலே படகுவீடுகளில் வாழ்ந்தோர் 1980களில் இரவெல்லாம் கேட்ட ஓர் இரைச்சலால் உறக்கமிழந்து, இயந்திரமோ மறைவான படைக்கலமோ என்று ஐயுற்றனர்; ஆண்மீன்கள் பெண்மீன்களை அழைக்கும் குரலே அது என்று பின்னர் தெளிவாயிற்று. மட்டக்களப்பில் ஒலிப்பது எவ்வுயிர் என்பது முடிந்த முடிபாக இன்னும் நிறுவப்படவில்லை. இயேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அவ்வொலியைப் பதிவுசெய்தார். ஆகவே வெறுங் கற்பனை என்று தள்ளுதற்கும் இடமில்லை. ஓர் ஊரின் பெயரையே உலகறியச் செய்த ஒலிக்கு உரிய உயிர் எதுவென்று நூற்றெழுபது ஆண்டுகளாகியும் நம் ஆய்வுக்கூடங்கள் கூறவில்லை என்பது மாணவர் கருதத்தக்கது.

இவ்வொலியைக் கேட்டோருள் தலையாய பயன் பெற்றவர் அயலூரினர் அல்லர். காரைதீவிலே 1892இற் பிறந்து, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிதம்பரத்திலும் வாழ்ந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய சுவாமி விபுலாநந்தர் அவர். வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தை மீட்டெடுக்கப் பதினான்கு ஆண்டுகளளவு உழைத்த அவ்வறிஞர், அவ்வுழைப்பின் பயனாகிய யாழ்நூலிலே தம் ஊர் வாவியின் ஒலியையும் மறக்கவில்லை. நீரின்கண் வாழும் நீரரமகளிர் இசைக்கும் பாடலாக அதனைப் புனைந்து அந்நூலிற் சேர்த்தார். நரம்பின் நீளத்தையும் சுருதியின் விகிதத்தையும் எண்ணாற் கணக்கிட்ட கணிதப் புலமையும், நிலவொளியில் நீரொலி கேட்டு நின்ற சிறுபருவ நினைவும் ஒரு நூலினுள்ளே கூடியது தமிழ் ஆராய்ச்சியில் அரிய காட்சி. 1947 யூனில் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். கல்லடி உப்போடையிலே அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் வளவில், வாவிக்கும் கடலுக்கும் இடையே, அவர் சமாதி உள்ளது. பிறந்த இடத்தைத் தொலைவிடமாக நின்று நோக்கக் கற்றவனுக்கே அவ்விடம் முழுவதும் தன்னைக் காட்டும் போலும்.

இலக்கியம் பயில்வோன் இங்கே வருவானாயின் அவனுக்கெனக் காத்திருப்பது மற்றொன்று. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவிலே இலங்கை வேந்தன் கயவாகு கலந்துகொண்டான் என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி. வகுப்பறையிலே அது ஆண்டுக்கணக்குக்கு உதவும் சான்று, இவ்வளவே. வாவிக்கரை ஊர்களிலே வைகாசித் திங்களில் கண்ணகையம்மன் கோயிற் கதவு திறக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியும் அடைத்துக் கிடக்கும் கோயில்கள் பல. திறந்ததும் சில நாட்களுக்கு ஊரே அங்கே குடிபுகும். கண்ணகி வழக்குரை ஏட்டை முறையாகப் பாடுவர். மதுரையை எரித்த சினத்தைத் தணித்தற்கு இறுதியிற் குளிர்த்தி நடைபெறும். நீர் தெளிக்கப்படும்போது கூட்டத்திற் பலர் கண்கலங்குவர். ஊரை வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரித்துக் கொம்புமுறி விளையாடுவதும் இவ்வம்மனைச் சார்ந்ததே. வளைந்த இரு கொம்புகளைக் கோத்துக் கயிறு கட்டி இருபக்கத்தாரும் இழுப்பர். முறிந்த கொம்புக்குரியோர் தோற்றோர். மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் ஆடிய ஆட்டம் அது. சிலம்பின் தலைவி தமிழகத்திலே பெரும்பாலும் ஏட்டிலும் மேடையிலும் வாழ, இங்கே அயல்வீட்டுத் தாய்போல் வாழ்கின்றாள். இதனைக் கண்டு திரும்பிய மாணவன் வழக்குரை காதையைப் பின்னொருகாலும் பழையபடி படிக்கமாட்டான்.

கூத்தும் அவ்வாறே. வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துக்களும் வட்டக்களரியிலே விடியும்வரை ஆடப்படுவன. அண்ணாவியார் ஆடுவோருக்குச் சட்டம் கொடுத்துப் பல மாதங்கள் பழக்குவார், சதங்கையணி நடைபெறும், பின்னரே களரியேற்றம். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இக்கலையை நாடி மட்டக்களப்புக்கு வந்தார். தெல்லிப்பழையைச் சேர்ந்த அவர், ஊர்க்களரியிற் கண்டதைப் படச்சட்ட மேடைக்கு ஏற்பச் சுருக்கிக் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் முதலியவற்றை மாணவரைக் கொண்டு அளித்தார். இரவு முழுவதும் நிகழ்வதனை ஒன்றிரண்டு மணிநேரத்தில் அடக்கியது கலைக்கு நன்றோ என்ற வழக்கு அன்றும் எழுந்தது, இன்றும் முடியவில்லை. ஆயினும் நாட்டார் ஆட்டம் என்று படித்தோர் ஒதுக்கியதனைப் பல்கலைக்கழகம் ஏற்கும்படி செய்தது அப்பயணமே. அதன்பின்னரே வாவிக்கரை இளைஞர் பலர் தம் தந்தையர் ஆடியதனைத் தலைநிமிர்ந்து ஆடினர்.

இவற்றையெல்லாம் கூறுங்கால் ஓர் எச்சரிக்கை வேண்டும். தொலைவே பண்பாட்டைக் காத்தது என்று வெளியார் புகழ்தல் எளிது. அத்தொலைவுக்கு விலை கொடுத்தோர் படுவான்கரை மக்கள். வாவியைக் கடத்தற்கு அவர்களுக்கு இருந்தது பாதை. வழியைக் குறிக்கும் இச்சொல் மட்டக்களப்பிலே, மக்களையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றிக் கரைக்குக் கரை செல்லும் தட்டையான மிதவையையும் குறிக்கும். மண்முனையிற் பாதை, குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிற் பாதை என அவை பல. புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை பிறந்த மண்டூரிலே சின்னக்கதிர்காமம் எனப் போற்றப்படும் முருகன் கோயில் உண்டு. அங்கே கப்புகனார் வாயைத் துணியாற் கட்டி மந்திரமின்றிப் பூசை செய்வார். அடியாரைத் திருவிழாவுக்கு ஏற்றிச் சென்ற பாதையே பேறுகாலத்துப் பெண்ணையும் பாம்பு தீண்டியவனையும் மருத்துவமனைக்கு ஏற்றிவந்தது. காற்றெழுந்தாலும் வெள்ளம் பெருகினாலும் அது நின்றுவிடும். கரையிலே நோயாளியை வைத்துக்கொண்டு எதிர்க்கரையிலுள்ள பாதையைக் கூவியழைத்தோருக்கு அந்நீர்ப்பரப்பின் அழகு தோன்றியிராது.

2014இல் மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது. கல்லடியிலே 1924இல் அமைத்து மானிங் சீமாட்டியின் பெயரிட்ட இரும்புப் பாலத்துக்கு அருகே 2013இற் புதிய பாலம் வந்தது. பாதையிலே மெல்லச் செல்லும் இன்பம் போயிற்று என்று பயணிகள் சிலர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்துக்குப் பெருமதிப்புக் கொடுத்தல் தகாது. கொக்கட்டிச்சோலையிலிருந்து நகரத்துக்குப் படிக்க வரும் பிள்ளைக்குப் பாலம் வேண்டும். மண்முனைப் பாதையின் இனிமையை விரும்புவோன் ஒருமுறை கடந்தவன். பாலத்தை விரும்புவோன் நாடோறும் கடப்பவன்.

இவ்வாவி இழந்தவற்றுள் பாதை மிகச் சிறியது. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி தென்னைகளையும் வீடுகளையும் வீழ்த்தியது. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுவான்கரையிற் புகுந்து ஊர்களை அழித்தது. கல்லடியும் நாவலடியும் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. இவ்விரண்டுக்கும் இடையிலும் பின்னும் போர். கிழக்கிலே அது 2007வரை நீண்டது. கரைக்குக் கரை ஆட்சி வேறுபட்டிருந்த காலத்தில் வாவி ஓர் எல்லைக்கோடாயிற்று. இரவிலே தோணியிற் செல்லுதல் உயிரோடு விளையாடுதலாயிருந்தது. ஆகவே மீனின் பாடலைக் கேட்டறியாத ஒரு தலைமுறை அவ்வாவியின் கரையிலேயே வளர்ந்தது. நகரத்துப் பலகைகளிலும் மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகிலும் பாடும்மீனின் உருவத்தைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள், அதனை அரசன், இலச்சினை, கட்டுக்கதை என்பவற்றோடு சேர்த்து எண்ணினர்.

2009இன் பின்னர் வெளிநாட்டார் மீண்டும் வரத்தொடங்கினர். அவர்களிற் பெரும்பாலோர் நாடுவது நகரத்துக்கு வடக்கேயுள்ள பாசிக்குடாவை. வெகுதூரம் ஆழமின்றிக் கிடக்கும் அக்குடாவிலே நீராடுதல் இன்பமே. அதனைக் குறைகூறல் வேண்டா. பெரிய விடுதிகள் அங்கே வரிசையாக எழுந்துள்ளன. காலையிற் கடல், மாலையில் விடுதி, மறுநாள் வேறூர் என்று செல்வோர் அங்குத் தாம் முன்னரே அறிந்த படத்தைக் காண்கின்றனர். ஒரு மணிநேரப் பயணத்தில் உள்ள வாவியின் இரவு அவர்களுக்குக் கிட்டுவதில்லை.

அது கிட்டுவதற்கு வேண்டுவன சிலவே. சித்திரை முதற் புரட்டாதி வரையுள்ள வறண்ட மாதங்களில், முழுநிலவை ஒட்டிய இரவுகளே ஏற்றவை எனக் கரைவாழ்வோர் கூறுவர். மாரிக்காலத்துக் கலங்கல் நீரில் முயலுதல் வீண். கல்லடிப் பாலத்துக்கு அயலே தோணி வைத்திருக்கும் மீனவர் ஒருவரைப் பகலிலேயே கண்டு பேசிக்கொள்ளல் நன்று. இரவு வலை வீசப் போகின்றவர் தம் தொழிலை விட்டுவருவதால் உரிய கூலியை முதலிலே கேட்டறிதல் முறை. பொறிபூட்டிய வள்ளத்திற் சென்றால் பொறியை நிறுத்திய பின்னும் அதன் இரைச்சல் செவியில் நெடுநேரம் நிற்கும்; ஆதலின் தண்டு வலிக்கும் தோணியே தக்கது. நடு இரவுக்கு அண்மையில் பாலத்திலே வண்டிகள் ஓயும். கண்டல் நிழலை விட்டு நடுநீருக்கு வந்ததும் தோணிக்காரர் தண்டு வலிப்பதை நிறுத்திவிடுவார். அதன்பின் துடுப்பின் பிடியை அவர் நீட்டும்வரை பேசாதிருத்தல் வேண்டும்.